நாங்கள் சேர்த்து வைக்காத பகிடிகள்

டென்மார்க்கில், யூட்லாண்டின் மேற்குக் கரையில் புளோவண்ட் என்றொரு கடற்கரை இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் ஜேர்மன் படை கட்டிவிட்டுப் போன கொங்கிறீற் பங்கர்கள் அங்கே இன்னமும் மணலில் பாதி புதைந்து கிடக்கின்றன. 1995இல், விடுதலையின் ஐம்பதாம் ஆண்டில், பில் வூட்ரோ என்ற ஆங்கிலேயச் சிற்பி அவற்றில் சிலவற்றுக்கு உலோகத்தில் தலையும் வாலும் பொருத்திக் கோவேறு கழுதைகளாக்கினார். கோவேறு கழுதை குட்டி போடாது. இந்தப் பங்கர்களும் இனிப் பெருகக் கூடாது என்பதுதான் அதன் பொருள். கோடையில் பிள்ளைகள் அவற்றின் முதுகில் ஏறி விளையாடுகிறார்கள். கிரின்ஸ்டெட், பிராண்டே, ஹெர்னிங் பக்கம் வாழும் தமிழ்க் குடும்பங்களும் அங்கே போகின்றன. எங்கள் பிள்ளைகளும் ஏறியிருக்கிறார்கள், நாங்கள் படம் எடுத்திருக்கிறோம்.

யாழ்ப்பாணத்தில் எங்கள் வளவிலும் பங்கர் இருந்தது. பனங்குற்றி அடுக்கி, மண்மூட்டை போட்டு, நாங்களே வெட்டியது. கடற்கரை மணலில் நின்றுகொண்டு அதைப் பற்றிப் பிள்ளைக்கு ஒரு கதை, அதிலும் ஒரு சிரிப்புக் கதை, சொன்னவர்கள் எங்களில் எத்தனை பேர்? செத்தவர்களைப் பற்றிச் சொன்னோம். போராடியவர்களைப் பற்றிச் சொன்னோம். பங்கருக்குள் இருந்த எங்களைப் பற்றிச் சொல்லவில்லை.

டென்மார்க் தோற்ற நாடு. 1940 ஏப்ரல் 9 விடியற்காலையில் ஜேர்மன் படை எல்லையைக் கடந்தது. காலைச் சாப்பாட்டு வேளைக்குள் மன்னரும் அரசும் பணிந்துவிட்டார்கள். ‘ஹன்ஸஸ்டாட் டன்சிக்’ என்ற கப்பல் சிப்பாய்களை ஏற்றிக்கொண்டு கடற்கோட்டையைத் தாண்டிக் கோப்பன்ஹேகன் துறைமுகத்துக்குள் வந்தபோது அதன்மேல் ஒரு வெடிகூட விழவில்லை. தெற்கு யூட்லாண்டில் சைக்கிளில் போய் எதிரியை மறித்த படைப்பிரிவினர் இருந்தார்கள். அன்று மாண்ட டேனிஷ் படையினர் 16 பேர். வேலைத்தலத்து மதிய இடைவேளைகளில் இந்தக் கதையை டேனிஷ்காரர் சொல்லக் கேட்டிருக்கிறோம். சைக்கிள் படை வரும் இடத்தில் முதலில் சிரிப்பவர் சொல்பவர்தான். மற்றவன் எடுத்துச் சொல்லிக் கேலி பண்ணுமுன் தன் தோல்வியைத் தானே எடுத்து மேசையில் வைக்கிறார். பக்கத்தில் இருந்து கேட்ட நாங்கள் என்ன நினைத்தோம்? ரோஷம் கெட்ட சனம் என்று நினைத்தோம். வீட்டுக்கு வந்து தமிழில் அதைச் சொல்லியும் இருக்கிறோம். நாற்பது வருடங்கள் அவர்களோடு வாழ்ந்தும், அந்தச் சிரிப்பு எங்கிருந்து வருகிறது என்று கேட்கவில்லை.

அது அடிமைப்பட்ட முதல் நாளிலேயே தொடங்கிய சிரிப்பு. விமானங்களிலிருந்து ஜேர்மனியர் வீசிய துண்டுப் பிரசுரம் நோர்வீஜிய மொழியும் டேனிஷும் கலந்து, பிழை மலிந்து கிடந்தது. தெருவில் அதைப் பொறுக்கி எடுத்த சனம், நாடு பறிபோன அந்தக் காலையிலும் அதன் பிழைகளைப் படித்துச் சிரித்தது. அதே ஆண்டில் கோப்பன்ஹேகன் மேடையில் லிவா வேல் என்ற நடிகை ஒரு பாட்டுப் பாடினார். எழுதியவர் போவுல் ஹென்னிங்சன், உலகம் விளக்கு வடிவமைப்பாளராக அறிந்திருக்கும் அதே மனிதர். காதலையும் கல்யாணத்தையும் பற்றிய பாட்டு என்று தணிக்கை விட்டுவிட்டது. அது எந்தக் கட்டைப் பற்றியது என்று அரங்கில் இருந்த எல்லோருக்கும் தெரியும். பெடியள் பிரித்தானிய விமானப்படையின் சிவப்பு, வெள்ளை, நீல வட்டம் பின்னிய கம்பளித் தொப்பி போட்டுத் திரிந்தார்கள். 1942 செப்டம்பரில் ஹிட்லர் மன்னர் பத்தாம் கிறிஸ்தியானுக்கு நீண்ட பிறந்தநாள் வாழ்த்துத் தந்தி அனுப்பினார். மன்னர் வெறும் நன்றி ஒன்றைத் திருப்பி அனுப்பினார். அதில் மூண்ட கோபத்தில் ஜேர்மன் தூதர் திரும்ப அழைக்கப்பட்டார், டேனிஷ் அரசே மாற வேண்டி வந்தது.

எங்களுக்கு இன்னும் நெருக்கமான ஒருவர் உண்டு. விக்டர் போர்க. கோப்பன்ஹேகனில் 1909இல் யூதக் குடும்பத்தில் பிறந்த பியானோ கலைஞர், மேடையில் ஹிட்லரைக் கேலி பண்ணியவர். ஜேர்மன் படை நுழைந்தபோது அவர் சுவீடனில் நிகழ்ச்சி நடத்திக்கொண்டிருந்தார். பின்லாந்து போய், அங்கிருந்து கப்பலேறி அமெரிக்காவில் அகதியாக இறங்கினார். ஆங்கிலம் தெரியாது. படக்கொட்டகையில் இருந்து இருந்தே பழகினார். பிறகு தன் உச்சரிப்பையும் தன் தடுமாற்றத்தையும் வைத்தே அந்த நாட்டைச் சிரிக்க வைத்தார். மொழி தெரியாத நாட்டில் வந்து இறங்கிய அகதி என்றால் எங்களுக்கு அவர் யார்? சொந்தக்காரர் மாதிரி. எங்கள் தமிழ்ப் பள்ளிகளில் அவர் பெயரை ஒருதரமாவது சொல்லியிருக்கிறோமா? ஹான்ஸ் கிறிஸ்தியன் அண்டர்சனின் கதைகளோடு நிறுத்திக்கொண்டோம்.

இன்னொரு கதை கட்டாயம் சொல்லவேண்டும். யூதர்கள் மஞ்சள் நட்சத்திரம் அணியவேண்டும் என்று ஜேர்மனியர் சொன்னபோது டென்மார்க் மன்னர் தானே அதை அணிந்து குதிரையில் வந்தார் என்று உலகம் முழுக்க நம்புகிறார்கள். அப்படி நடக்கவில்லை. டென்மார்க்கில் அந்தக் கட்டளையே பிறப்பிக்கப்படவில்லை. 1942 ஜனவரியில் ரக்ன்வால்ட் பிலிக்ஸ் என்ற நோர்வீஜியர் ஒரு சுவீடன் பத்திரிகையில் வரைந்த கேலிச் சித்திரத்தில், நட்சத்திரம் அணியச் சொன்னால் என்ன செய்வது என்று கேட்கப்படும் மன்னர், அப்படியானால் நாங்கள் எல்லோருமே அணியவேண்டியதுதான் என்கிறார். இந்தக் கதை வேர் பிடித்ததில் அந்தச் சித்திரத்துக்குப் பங்குண்டு. லியோன் யூரிஸின் ‘எக்ஸோடஸ்’ நாவல் 1958இல் அதை ஊர் ஊராகக் கொண்டுபோனது. தங்களுக்குப் பெருமை தேடித் தரும் இந்தப் பொய்யை மறுத்துக்கொண்டே இருப்பவர்கள் டேனிஷ்காரர்தான். பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுக்கிறார்கள், அரும்பொருளகத்தில் எழுதி வைக்கிறார்கள். தனக்குச் சாதகமான பொய்யைத் தானே உடைக்க எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்! அந்த நெஞ்சுரம் எங்களுக்கு இருக்கவில்லை. எங்கள் மேடைகளில் சாதகமான பொய் ஒன்று ஏறினால் அது அடுத்த வருடமும் ஏறும்.

இப்படிச் சொல்வதால் டேனிஷ்காரரின் சிரிப்பில் குறையே இல்லை என்று ஆகிவிடாது. ‘மதடோர்’ என்ற 24 பகுதித் தொடரை டேனிஷ் தொலைக்காட்சி 1978இலிருந்து காட்டியது. லீச நோர்கோர் உருவாக்கிய கதை. கோர்ஸ்பெக் என்ற கற்பனைச் சிற்றூரின் 1929 முதல் 1947 வரையான வாழ்க்கை. பன்றி வியாபாரி, வங்கிக்காரர், கட்சிக்காரர், சமையற்காரி என்று எல்லோரும் சிரிக்கவும் இரங்கவும் தக்க மனிதர்களாக வருகிறார்கள். வங்கியில் வேலை பார்க்கும் யூதர் ஸ்டைன் சுவீடனுக்குத் தப்புகிறார். நாடே அமர்ந்து பார்த்த தொடர், மறுபடி மறுபடி காட்டப்பட்டது. மனதுக்கு இதமான அந்தச் சிரிப்பில் பல விஷயங்கள் மூடுண்டு போயின. 1943 ஒக்டோபரில் 7,000த்துக்கு மேற்பட்ட யூதர்களைக் கடல் கடத்திச் சுவீடனில் சேர்த்தார்கள் என்பது மெய். 1941 ஜூனில் கம்யூனிஸ்டுகளைப் பிடித்து அடைத்தது டேனிஷ் பொலிஸ் என்பதும் மெய். மேற்குக் கரைப் பங்கர்களைக் கட்டிக் காசு பார்த்தவர்கள் டேனிஷ் ஒப்பந்தக்காரர்கள். ஏறக்குறைய 6,000 டேனிஷ்காரர் ஹிட்லரின் வாஃபன் எஸ்எஸ் படையில் சேர்ந்தார்கள். எதிர்ப்பியக்கம் காட்டிக்கொடுத்தவர்கள் என்று சொல்லி ஏறக்குறைய 400 பேரைச் சுட்டுக் கொன்றது. அதில் தவறான ஆட்களும் இருந்தார்கள். போர் முடியும்போது நாட்டில் கிடந்த ஜேர்மன் அகதிகள் இரண்டரை லட்சம் பேர். மருத்துவரும் வரலாற்றாளருமான கிர்ஸ்டன் லுல்லொவ் அவர்களை வைத்திருந்த முகாம்களின் புதைகுழிகளை எண்ணி, 1945இல் ஏறக்குறைய 7,000 குழந்தைகள் செத்தார்கள் என்று எழுதியபோது நாடு அதிர்ந்தது.

ஆனால் அதிர்ந்துவிட்டு நிற்கவில்லை. 2003இல் பிரதமர் ஆனர்ஸ் ஃபோ ராஸ்முசன் ஜேர்மனியரோடு ஒத்துழைத்த கொள்கையைக் கண்டித்தார். அடைக்கலம் தேடி வந்தவர்களை ஜேர்மனியரிடம் ஒப்படைத்ததற்காக 2005இல் மன்னிப்புக் கேட்டார். ஜேர்மன் சிறுவர்களைக் கொண்டு கண்ணிவெடி அகற்றிய கதை 2015இல் படமாகி வந்தது. ஒக்ஸ்போல் அகதி முகாம் இருந்த இடத்தில் 2022இல் ஒரு அரும்பொருளகம் திறந்தார்கள். புளோவண்டுக்கு மிகக் கிட்டத்தில்தான் அது இருக்கிறது. தன்னைப் பார்த்துச் சிரித்துப் பழகிய சமூகத்துக்குத் தன்னைப் பற்றிய கெட்ட செய்தியைக் கேட்கிற காது இருக்கிறது. எங்கள் மேடைகளோடு ஒப்பிட்டுப் பார்த்துத்தான் இதைச் சொல்கிறேன்.

இந்த நாட்டின் வரலாற்றில் எங்கள் பெயரிலேயே ஒரு அத்தியாயம் இருக்கிறது. 1987இல் நீதி அமைச்சர் எரிக் நின் ஹான்சன், சட்டத்துக்கு மாறாக, இலங்கைத் தமிழ் அகதிகளின் குடும்பங்களை இங்கே சேர்க்கும் விண்ணப்பங்களைக் கிடப்பில் போட வைத்தார். அதே ஆண்டு ஒக்டோபரில் இந்தியப் படைக்கும் புலிகளுக்கும் சண்டை மூண்டு யாழ்ப்பாணம் எரிந்துகொண்டிருந்தது. மனைவியும் பிள்ளைகளும் அங்கே. கடதாசி கோப்பன்ஹேகன் அலுமாரியில். 1989 ஏப்ரலில் பிரதமர் போவுல் ஸ்லூட்டர் நாடாளுமன்றத்தில் எழுந்து, எதையும் கம்பளத்துக்குக் கீழே கூட்டித் தள்ளவில்லை என்றார். அந்தக் கம்பளம் அவரை விடவில்லை. நீதிபதி ஹோர்ன்ஸ்லெட்டின் ஆறாயிரம் பக்க அறிக்கை வந்ததும் 1993 ஜனவரி 14இல் பதவி விலகினார். 1995இல் அரசியல் விசாரணைக்கான உயர் மன்றம் நின் ஹான்சனுக்கு நான்கு மாத ஒத்திவைக்கப்பட்ட சிறைத் தண்டனை விதித்தது. 1910க்குப் பிறகு அப்படியொரு மன்றம் முதல் தடவையாகக் கூடியது அப்போதுதான். ஒரு அமைச்சர் எதையாவது மறைக்கப் பார்க்கும்போதெல்லாம் டேனிஷ்காரர் இன்றைக்கும் அந்தக் கம்பளத்தை இழுத்துச் சிரிக்கிறார்கள்.

கம்பளத்துக்குக் கீழே கிடந்தவர்கள் நாங்கள். ஆனால் இந்தக் கதை எங்கள் பிள்ளைகளுக்கு டேனிஷ் பள்ளிக்கூடத்துச் சமூகக்கல்விப் பாடத்தில்தான் தெரிய வந்தது. ஆசிரியர் ‘தமிழர் வழக்கு’ என்றதும் வகுப்பே திரும்பித் தங்களைப் பார்த்தது என்றும், தங்களுக்கு ஒன்றும் தெரியாமல் இருந்தது என்றும் பிள்ளைகள் சொல்லியிருக்கிறார்கள். காத்திருந்த அந்த ஒன்றரை வருடத்தை அப்பாக்கள் சொல்லவில்லை. முகாமில் ஒரு அறைக்குள் பலராக இருந்ததை, தபால்காரரின் சைக்கிளைக் கண்டால் ஓடியதை, மோர் என்று தெரியாமல் கேர்னமெல்க் வாங்கித் தேநீருக்குள் ஊற்றித் திரைந்துபோன பாலைப் பார்த்து முழித்ததை, அந்த அவலத்துக்குள்ளும் அடித்த பகிடிகளைச் சொல்லவில்லை. அவமானம் என்று நினைத்தோம். ஒரு அரசையே கவிழ்த்த எங்கள் கதையைப் பற்றித் தமிழில் நாங்கள் எழுதி வைத்தது மிகச் சொற்பம்.

எங்களிடம் சிரிப்பு இல்லாமல் இருக்கவில்லை. யாழ்ப்பாணத்தான் பகிடி விடாத இடம் உண்டா? சிவஞானசுந்தரம் 1960களில் தொடங்கிய ‘சிரித்திரன்’ எங்கள் சீதனத்தை, சாதித் தடிப்பை, உத்தியோகப் பெருமையைச் சவாரித்தம்பரையும் சின்னக்குட்டியையும் வைத்து உரித்துக் காட்டியது. போர் மூண்ட பிறகும் இயன்றவரை அச்சேறியது. கே.எஸ். பாலச்சந்திரன் தனி ஆளாக மேடையில் நின்று ‘அண்ணை றைட்’ என்று யாழ்ப்பாணத்து பஸ்ஸையே ஓட்டிக் காட்டினார். பொருளாதாரத் தடைக் காலத்தில் சனம் ஜாம் போத்தலுக்குள் திரி போட்டு விளக்கெரித்தது. கவிழ்த்துப் போட்ட சைக்கிளை மிதித்து டைனமோவில் வானொலி கேட்டது. ஒரு சொட்டுப் பெற்றோல் காட்டி மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டியது. குண்டு போட வந்த சியாய் மார்செட்டி விமானத்துக்குச் ‘சியாமாசெட்டி’ என்றும், மெல்லப் பறந்து வந்து கொட்டியதற்குச் ‘சகடை’ என்றும், வேவு பார்த்ததற்கு ‘வண்டு’ என்றும் பெயர் வைத்தது. தலைக்கு மேல் சாவு சுற்றும்போது அதற்குப் பட்டப்பெயர் வைத்த சனம் நாங்கள். அந்தத் துணிவை எந்த விழாவில் கொண்டாடினோம்?

மாவீரர் நாளான நவம்பர் 27இல் விளக்கேற்றி அழுதோம். அழத்தான் வேண்டும், அதில் ஒரு குறையும் இல்லை. வருடத்தின் மிச்ச நாட்களிலும் எங்கள் போர்க்காலத்துக்கு அந்த ஒரு முகத்தை மட்டுமே காட்டினோம். இயக்கத்தைப் பற்றி ஒரு பகிடி மேடையில் வந்தால் எழுந்து போனோம். ஊரை விட்டு வெளியேறப் புலிகளிடம் பாஸ் எடுக்கச் சொந்தக்காரரைப் பிணை வைத்ததைப் பற்றி ஒருவர் சிரித்துக்கொண்டு சொன்னால் அவரை அடுத்த நிகழ்ச்சிக்குக் கூப்பிடாமல் விட்டோம். எழுத்தாளர் ஷோபாசக்தி 2001இல் ‘கொரில்லா’ நாவலை எழுதியபோது எங்களில் பலர் வாசிக்காமலே துரோகி என்றோம். துரோகி என்ற சொல் எண்பதுகளில் மின்கம்பத்தில் கட்டிச் சுடப்பட்ட உடல்களின் கழுத்தில் அட்டையாகத் தொங்கிய சொல் என்பது எங்களுக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் சொன்னோம். டேனிஷ்காரர் தங்கள் எதிர்ப்பியக்கம் கொன்ற 400 பேரைப் பற்றிப் புத்தகம் எழுதினார்கள், 2008இல் ‘ஃபிளமன் ஒ சிட்ரோனன்’ படம் எடுத்தார்கள், நாட்டின் நாயகர்களையே சந்தேகத்தோடு பார்த்தார்கள். நாங்கள் படமாளிகையில் அதைப் பார்த்துவிட்டு நல்ல படம் என்று சொல்லி வீட்டுக்கு வந்தோம்.

சிரிக்காமல் இருந்தோம் என்பதைவிடப் பெரிய பிழை ஒன்று உண்டு. சிரித்தோம். எங்களைத் தவிர மற்ற எல்லோரையும் பார்த்துச் சிரித்தோம். ‘மோட்டுச் சிங்களவன்’ என்பது எங்கள் வீடுகளில் குழந்தை பழகும் முதல் பகிடிகளில் ஒன்றாக இருந்தது. மலையகத் தமிழரைத் ‘தோட்டக்காட்டான்’ என்று சிரித்தோம். முஸ்லிம்களின் பேச்சைப் போலப் பேசிக் காட்டிச் சிரித்தோம். கோயில் வாசலில் நிறுத்தி வைக்கப்பட்டவர்களைப் பற்றிய பகிடிகளை இங்கே எழுதக் கூசுகிறது. எங்கள் எள்ளல் எப்போதும் கீழே பார்த்தே பாய்ந்தது. அதன் விலை என்ன? எதிரி மோடன் என்று நம்பிய சமூகம் அவன் பலத்தை ஒருநாளும் அளக்கவில்லை. 1990 ஒக்டோபரில் வடக்கின் முஸ்லிம்கள் ஏறக்குறைய 75,000 பேர் வெளியேற்றப்பட்டபோது, யாழ்ப்பாணத்தவர்களுக்கு இரண்டு மணி நேரம் கொடுக்கப்பட்டபோது, நாங்கள் பேசாமல் இருந்தோம். அயலவரை ஆளாக மதிக்காமல் சிரித்துப் பழகிய வாய்க்கு அன்று பேச வரவில்லை. டென்மார்க்கில் அகதி உரிமைக்காக ஊர்வலம் போன நாட்கள் அவை. ஊர்வலத்தில் அவர்கள் பெயரைச் சொல்லவில்லை.

எல்லோரும் அப்படி இருக்கவில்லை. பாரிசில் எண்பதுகளில் அலைந்த அகதி வாழ்க்கையைச் செல்வம் அருளானந்தம் ‘எழுதித் தீராப் பக்கங்கள்’ நூலில் எழுதியபோது, தன்னையும் தன் கூட்டாளிகளையும் வைத்துச் சிரித்தார். வாசித்தவர்கள் சிரித்துச் சிரித்து அழுதார்கள். அந்த நூலை வாசித்த டென்மார்க் தமிழர் பலர், எங்களிடமும் இப்படி எவ்வளவு கதை இருக்கிறது என்றார்கள். சொன்னதோடு சரி. ஹெர்னிங்கில் முதல் வந்தவர்கள், வைலேயில் முதல் கடை போட்டவர்கள், ஹோல்ஸ்டெப்ரோவில் முதல் பனிக்காலத்தைச் செருப்போடு கழித்தவர்கள் எல்லோரும் எங்களுக்குத் தெரிந்தவர்கள்தான். ஒரு ஒலிப்பதிவுக் கருவியோடு போய் அவர்கள் வீட்டில் இருக்க எங்கள் சங்கங்கள் எதற்கும் நேரம் இருக்கவில்லை. விளையாட்டுப் போட்டிக்கு இருந்தது, கலைவிழாவுக்கு இருந்தது, 2009க்குப் பிறகு யார் தலைமை என்று பிரிந்து நின்று சண்டை பிடிக்க நிறையவே இருந்தது.

அவர்களில் பலர் எழுபதைத் தாண்டிவிட்டார்கள். சிலர் முதியோர் இல்லங்களில் இருக்கிறார்கள். மறதி நோய் வந்தவர்களுக்குப் பிறகு படித்த டேனிஷ்தான் முதலில் போகிறது. பராமரிக்க வரும் பெண்ணுக்கு விளங்காத தமிழில் ஏதோ சொல்லித் தாங்களே சிரிக்கிறார்கள். பக்கத்தில் இருந்து கேட்டு எழுத ஆளில்லை. ஃபாரூமில் 2012இலிருந்து குடியேறியோருக்கான அரும்பொருளகம் ஒன்று இயங்குகிறது. ‘நூலகம்’ இணையத்தில் எங்கள் பழைய இதழ்களைச் சேர்த்து வைத்திருக்கிறது, சிரித்திரனும் அதில் உண்டு. கொண்டுபோய்க் கொடுக்க இடம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

சேர்க்கத் தொடங்கினால் கேட்க வேண்டியவை பெரிய கேள்விகளல்ல. விமானச் சத்தம் கேட்டதும் பங்கருக்குள் முதலில் பாய்ந்தது யார்? அவசரத்தில் யாரை வெளியே விட்டுவிட்டீர்கள்? கிளாலியில் படகு ஏறுமுன் என்ன பொய் சொன்னீர்கள்? டேனிஷ் பொலிஸிடம் முதல் விசாரணையில் எந்தக் கதையை, யார் சொல்லித்தந்த கதையைச் சொன்னீர்கள்? மேடையில் வீரம் பேசிய பிறகு வீட்டுக்கு வந்து என்ன பேசினீர்கள்? அதோடு, சிங்களவரையும் முஸ்லிம்களையும் மலையகத்தாரையும் பற்றி நாங்கள் அடித்த பகிடிகளையும் விடாமல் பதியவேண்டும், அடித்தவர் பெயர் இல்லாமல், ஆனால் ஒரு சொல்லும் குறைக்காமல். கேட்கிற பிள்ளை முகம் சுளித்தால் சுளிக்கட்டும். இதற்கா அப்போது சிரித்தீர்கள் என்று அது கேட்குமானால், பதில் சொல்ல நாங்கள் உயிரோடு இருக்கும்போதே கேட்கட்டும்.